படுக்கையருகே ஒரு போத்தல்

யாழ்ப்பாண வைத்திய வரலாறு: தொடர் 17

1873இல் அமெரிக்கரான டொக்டர் கிறீன் மானிப்பாயிலிருந்து விடைபெற்றதோடு சென்ற இதழை முடித்திருந்தேன். ஒழுங்குப்படி பார்த்தால் அடுத்து இணுவில் மக்லியொட் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். அது ஓர் இதழ் பொறுத்திருக்கட்டும். மே 5 நெருங்குகிறது. உலகத்து ஆஸ்பத்திரிகள் எல்லாம் கைச் சுத்தத்துக்கென்று ஒதுக்கிய நாள் அது. அந்த நாளின் கதைக்குள் கிறீனும் வருகிறார், அரியாலையும் வருகிறது. ஆகவே ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டைத் தாண்டி முதலில் அரியாலையில் இறங்குவோம்.

2020 மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை. சுவிற்சர்லாந்திலிருந்து வந்திருந்த ஒரு போதகர் அரியாலையில் ஆராதனை நடத்தினார். சபை நிறைந்திருந்தது. மறுநாள் அவர் திரும்பிப் போனார். போன பிறகுதான் அவருக்குக் கொரோனா என்ற செய்தி இங்கே வந்து சேர்ந்தது. மார்ச் 20 மாலை நாடு முழுவதும் ஊரடங்கு. மார்ச் 22இல் குடாநாட்டின் முதல் நோயாளி தாவடியில் கண்டறியப்பட்டார். ஆராதனைக்குப் போனவர்கள் பதிவு செய்யும்படி அறிவிப்புகள் வந்தன. போனவர்களும் அவர்களோடு பழகியவர்களும் தனிமைப்படுத்தப்பட்டார்கள். ஏப்ரல் பிறந்ததும் யாழ் மருத்துவ பீட ஆய்வுகூடத்திலேயே பி.சி.ஆர். பரிசோதனை தொடங்கியது. தனிமைப்படுத்தப்பட்டவர்களுக்குள்ளே மேலும் சிலருக்குத் தொற்று இருப்பது தெரியவந்தது. கண்டி வீதியின் இரு பக்கமும் கிடந்து, கிழக்கே கடல் நீரேரியைத் தொட்டுக்கொண்டு, செம்மணி வெளியைத் தாண்டினால் நாவற்குழி என்று இருக்கிற அமைதியான ஊர் அரியாலை. சில வாரங்களுக்கு அதன் பெயரைச் சொல்லவே ஆட்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தில் நியாயம் கொஞ்சம் இருந்தது, அநியாயம் நிறைய இருந்தது. அதை விரித்தால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

நமக்கு வேண்டியது அந்த வாரங்களில் தெருவில் முளைத்த இன்னொன்று. பலசரக்குக் கடை வாசலில் ஒரு வாளி, அதற்கொரு குழாய், பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்ட சவர்க்காரம். வங்கியில் காலால் மிதித்துத் திறக்கும் பைப். கோயில் வாசலில் தொற்றுநீக்கிப் போத்தல். இருபது விநாடி கை கழுவவேண்டும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆனால் கொரோனா பெரும்பாலும் மூச்சுவழி பரவிய நோய். மூடிய மண்டபத்தில் கூடி நின்று வாய்விட்டுப் பாடியவர்களிடையே கிருமியைக் கடத்தியதில் காற்றுக்குத்தான் பெரிய பங்கு இருந்திருக்கும். கைக்குச் சின்னப் பங்குதான். இதை உலகம் ஒத்துக்கொள்ளக் காலம் எடுத்தது. அதற்குள் கை கழுவுவது கொரோனாவுக்கான சடங்கு என்று நம் மனதில் பதிந்துவிட்டது. கொரோனா போனதும் வாளியும் போயிற்று.

கை உண்மையிலேயே ஆளைக் கொல்லும் இடம் வேறு. அது ஆஸ்பத்திரி. அங்கே அந்தக் கதையைத் திருப்பிப்போட்டவர்களும் சுவிஸ்காரர்கள்தான் என்பது வரலாற்றின் ஒரு குறும்பு. நோய் வந்த நாட்டிலிருந்துதான் அந்தப் போத்தலும் வந்தது.

ஜெனீவாப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகளில் தொற்றுக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பாக 1990களில் டிடியே பித்தே என்ற வைத்தியர் இருந்தார். 1994இல் அவருடைய குழு ஒரு வேலை செய்தது. விடுதி விடுதியாகப் போய், கை கழுவவேண்டிய ஒவ்வொரு கட்டத்திலும் ஆட்கள் கழுவுகிறார்களா என்று பார்த்துக் குறித்தது. ஈராயிரத்து எண்ணூறுக்கு மேற்பட்ட கட்டங்கள். கழுவியது நூற்றுக்கு 48. பணக்கார நாடு, குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர், சவர்க்காரத்துக்குக் குறைவில்லை. அப்படியிருந்தும் பாதிக்குப் பாதி. ஆட்களைப் பிரித்துப் பார்த்தபோது இன்னும் சுவையானது வெளியே வந்தது. மருத்துவிச்சிகள் நூற்றுக்கு 66. தாதியர் 52. டொக்டர்மார் 30.

இந்த வரிசையை மறக்காமல் வைத்திருங்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய வியன்னாவில் இதையே திரும்பச் சந்திக்கப் போகிறோம்.

சோம்பலும் அலட்சியமும்தான் காரணம் என்று திட்டிவிட்டு, சுவரில் ஓர் அறிவித்தலை ஒட்டிவிட்டுப் பித்தே போயிருக்கலாம். பெரும்பாலான நிருவாகங்கள் அதைத்தான் செய்யும். அவருடைய குழு கணக்குப் பார்த்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளியைப் பராமரிக்கும் தாதிக்கு மணித்தியாலத்துக்குச் சராசரி 22 தடவை கை சுத்தம் செய்யவேண்டி வருகிறது. குழாயடிக்குப் போய், நனைத்து, தேய்த்து, கழுவி, துடைத்துத் திரும்பிவர ஒரு நிமிடத்துக்கு மேலாகிறது. விதியை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றினால் மணித்தியாலத்தில் பாதி குழாயடியிலேயே போய்விடும். வேலை கூடக்கூடக் கழுவுவது குறைந்தது. நோயாளிக்கு ஆபத்து எங்கே அதிகமோ அங்கேதான் மிகக் குறைவாகக் கழுவினார்கள். பிழை ஆளில் இல்லை, குழாய் இருந்த தூரத்தில் இருந்தது.

ஆகவே குழாயை விட்டுவிட்டார்கள். வில்லியம் கிறிபித்ஸ் என்ற மருந்தாளர் முன்பே உருவாக்கியிருந்த மதுசாரக் கரைசலைச் சின்னப் போத்தல்களில் அடைத்து, படுக்கைதோறும் வைத்து, சட்டைப்பைக்குள்ளும் போட்டுவிட்டார்கள். இருபது முப்பது விநாடி தேய்த்தால் போதும், காய்ந்ததும் வேலை. சுவர்களில் ஒட்டிய கேலிச்சித்திரங்களை ஊழியர்களும் ஓர் ஓவியரும் சேர்ந்தே உருவாக்கினார்கள். 1997 முடிவில் 48 என்பது 66 ஆயிற்று. ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்தில் தொற்று வாங்கிய நோயாளிகள் நூற்றுக்கு 16.9இலிருந்து 9.9 ஆகக் குறைந்தார்கள். 2000ஆம் ஆண்டு லான்செற் சஞ்சிகையில் இது வெளிவந்தபோது உலகம் திரும்பிப் பார்த்தது. அந்தக் கட்டுரையிலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது. தாதியரும் உதவியாளர்களும் மாறினார்கள். டொக்டர்மார் பெரிதாக மாறவில்லை.

இனி வியன்னா.

1840களில் வியன்னாப் பொது ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. முதலாவதில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள், இரண்டாவதில் மருத்துவிச்சிகள் பயின்றார்கள். 1846இல் முதலாம் விடுதியில் தாய்மார் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல் இறந்தார்கள். இரண்டாவதில் மூவருக்கும் குறைவு. ஊருக்கே இது தெரியும். முதலாம் விடுதியில் விட்டுவிடவேண்டாம் என்று கர்ப்பிணிகள் கெஞ்சினார்கள். காற்றுத்தான் காரணம், நெருக்கம்தான் காரணம் என்று பெரியவர்கள் விளக்கம் சொன்னார்கள். இரண்டு விடுதிக்கும் ஒரே காற்றுத்தானே என்று கேட்டவர் இக்னாஸ் செமல்வைஸ் என்ற இளம் உதவி வைத்தியர்.

1847 மார்ச்சில் அவருடைய நண்பர் கொலெச்கா இறந்தார். பிரேத பரிசோதனையின்போது மாணவன் ஒருவனின் கத்தி விரலில் பட்டதுதான் காரணம். கொலெச்காவின் உடலில் கண்ட அடையாளங்கள் பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மாரின் உடலில் கண்டவையாகவே இருந்தன. செமல்வைசுக்கு விளங்கிவிட்டது. மாணவர்கள் பிரேத அறையிலிருந்து நேரே பிரசவ விடுதிக்கு வருகிறார்கள். மருத்துவிச்சிகள் பிரேதத்தைத் தொடுவதில்லை. அந்த மே மாதத்திலிருந்து, விடுதிக்குள் கால் வைக்குமுன் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவவேண்டும் என்று கட்டளையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த இறப்பு யூனில் இரண்டளவுக்கு இறங்கியது. யூலையில் ஒன்று சொச்சம்.

பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்ததுதான். உங்கள் கைதான் கொன்றது என்று பேராசிரியர்களிடம் சொன்னால் பேராசிரியர்கள் கேட்பார்களா? செமல்வைசும் இதமாகப் பேசத் தெரிந்தவரல்லர். வியன்னாவில் வேலை போயிற்று. 1861இல் தாமதமாக ஒரு புத்தகம் எழுதினார். 1865 ஓகஸ்ட் 13இல் ஒரு மனநோய் விடுதியில் இறந்தார். அதற்கு முதல் நாள்தான் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் யோசப் லிஸ்ரர் ஒரு பையனின் காயத்துக்குக் காபோலிக் அமிலம் வைத்துக் கட்டித் தம் புகழ்பெற்ற முறையைத் தொடங்கினார். லிஸ்ரர் அதை எழுதி வெளியிட்டது 1867இல்.

இப்போது இந்த ஆண்டுகளை நம் தொடரின் ஆண்டுகளோடு பொருத்திப் பாருங்கள்.

வியன்னாவில் குளோரின் தொட்டி வைத்த அதே 1847இல், ஒக்ரோபர் மாதம், சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். மசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர்காரர், வயது இருபத்தைந்து. அடுத்த ஆண்டே மானிப்பாயில் ஆஸ்பத்திரியும் மாணவர்களும். தமிழில் வைத்தியம் கற்பித்து, தமிழில் வைத்திய நூல் ஆக்கியவர். பிரசவ வைத்தியம் என்ற நூல் 1857இல் வந்தது. செமல்வைஸ் தம் புத்தகத்தை எழுதுவதற்கு நான்கு வருடம் முன்னாலேயே யாழ்ப்பாணத்து மாணவன் மேலைநாட்டுப் பிரசவ முறையைத் தன் மொழியில் வாசித்தான். இரண வைத்தியம், அதாவது சத்திரசிகிச்சை நூல், 1867இல் வந்தது. லிஸ்ரரின் கட்டுரைகள் வந்த அதே ஆண்டு.

நான் இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இரண்டு புத்தகமும் சற்று முந்திக்கொண்டன. அவற்றுக்கு மூலமான ஆங்கிலப் பாடநூல்கள் கிருமிக் கொள்கை பிறக்குமுன் எழுதப்பட்டவை. எலும்பை எப்படி அறுப்பது, பிள்ளையை எப்படித் திருப்புவது என்பதையெல்லாம் தமிழில் கொண்டுவந்த அந்த அசாதாரண உழைப்பு, கையை எப்படிக் கழுவுவது என்பதை உலகமே இன்னும் நம்பாத காலத்தில் நடந்தது. கிறீனை இதற்காகக் குறைசொல்ல முடியாது. வியன்னாப் பேராசிரியர்கள் பக்கத்து அறையில் கண்டும் நம்பாததை, கடல் கடந்து மானிப்பாயில் இருந்தவர் எப்படி அறிவார்?

அந்தக் காலத்தில் நம் வீடுகளில் பிள்ளை பெறுவித்த மருத்துவிச்சிகளைப் பற்றி இன்றைய வைத்தியர் சிலர் ஏளனமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். வியன்னாவின் இரண்டு விடுதிகளையும் ஜெனீவாவின் 66ஐயும் 30ஐயும் அவர்கள் ஒருமுறை பார்க்கலாம். மற்றப் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். பிரசவ வீட்டில் முப்பத்தொரு நாள் துடக்குக் காத்தோம். தீண்டாமை, குளிப்பு, வெள்ளை கட்டுதல் எல்லாம் ஒழுங்காக நடந்தன. அந்த ஏற்பாடு பெற்றவளிடமிருந்து வீட்டைக் காத்தது. அவளைத் தொடுகிற கையிலிருந்து அவளைக் காக்கும் விதி அதில் இருக்கவில்லை.

ஜெனீவாவுக்குத் திரும்புவோம். பித்தேயின் முறையை உலக சுகாதார நிறுவனம் கையில் எடுத்தது. 2004இல் நோயாளர் பாதுகாப்புக்கென ஓர் உலகக் கூட்டணி; 2005 ஒக்ரோபர் 13இல் அதன் முதலாவது அறைகூவல், சுத்தமான பராமரிப்பே பாதுகாப்பான பராமரிப்பு என்ற பெயரில். பித்தேயே தலைமை. மாலி, வங்காளதேசம், பாக்கிஸ்தான், கொஸ்ரா ரிக்கா, சவூதி அரேபியா, இத்தாலி, ஹொங்கொங் என்று வசதியிலும் வழக்கத்திலும் ஒன்றுக்கொன்று ஒட்டாத இடங்களில் முதலில் செய்து பார்த்தார்கள். மாலியில் கரும்பிலிருந்து வடித்த மதுசாரத்தை வைத்து உள்ளூரிலேயே கரைசலைச் செய்தார்கள். 2009 மே 5இல் உயிர்களைக் காப்போம், கைகளைச் சுத்தம் செய்வோம் என்ற ஆண்டு இயக்கம் தொடங்கியது. ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள்: இரு கைகளிலும் ஐந்தைந்து விரல்.

இந்த இயக்கம் உண்மையில் கொடுத்தவை இரண்டு. நாளும் சுவரொட்டியும் அவற்றுக்குப் பிறகுதான்.

ஒன்று, ஐந்து தருணங்கள். எப்போதும் சுத்தமாக இரு என்று சொன்னால் யாரும் எப்போதும் செய்யமாட்டார்கள். நோயாளியைத் தொடுமுன்; ஊசி, கட்டு, வடிகுழாய் போன்ற சுத்தமான வேலைக்கு முன்; இரத்தமோ சளியோ சிறுநீரோ பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின்; நோயாளியைத் தொட்டபின்; அவரைத் தொடாவிட்டாலும் கட்டிலையோ மேசையையோ தொட்டபின். கடைசித் தருணத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். நோயாளியைத் தொடவே இல்லையே, கட்டிலைத்தானே பிடித்தேன் என்று மனம் சமாதானம் சொல்லும். முதல் தருணத்தில் தவறுவது இன்னும் மோசம். தொட்டபின் கழுவுவது தன்னைக் காக்க. தொடுமுன் கழுவுவது நோயாளியைக் காக்க. எந்த நாட்டு விடுதியானாலும் தொட்டபின் கழுவுவதைத்தான் ஆட்கள் கூடுதலாகச் செய்கிறார்கள்.

மற்றது, செய்முறை. அதற்கு உரிமம் கேட்கவில்லை, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். பத்து லீற்றருக்கு: 96 வீத எதனோல் 8,333 மில்லிலீற்றர், 3 வீத ஐதரசன் பேரொட்சைட்டு 417 மில்லிலீற்றர், கிளிசரோல் 145 மில்லிலீற்றர், மீதிக்குக் கொதித்தாறிய தண்ணீர். எதனோல் கிருமியைக் கொல்லும். கிளிசரோல் தோல் வெடிக்காமல் காக்கும். பேரொட்சைட்டு கைக்காக அல்ல; கரைசலுக்குள்ளும் போத்தலுக்குள்ளும் ஒளிந்திருக்கும் கிருமி வித்துகளை அழிக்க. அதனால்தான் போத்தலில் ஊற்றியதும் 72 மணித்தியாலம் தொடாமல் வைக்கச் சொல்கிறார்கள். திக்கம் வடிசாலை உள்ள குடாநாட்டில் மதுசாரம் வடிக்கிற வித்தையை யாரும் புதிதாகப் படிப்பிக்க வேண்டியதில்லை.

நம் ஊருக்கு இது எப்படிப் பொருந்துகிறது?

ஜெனீவாவில் தண்ணீர் இருந்தது, தூரம்தான் தடை. குடாநாட்டின் கதை அப்படியல்ல. ஆறில்லாத ஊர். சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைத்தண்ணீர்தான் நம் கிணறு. 1990 யூனில் போர் மீண்டும் வெடித்தபின் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் போனது, மண்ணெண்ணெய் போனது, சவர்க்காரம் ஆனைவிலை, குதிரைவிலை. பனம்பழத்துக் களியைப் பிசைந்து உடுப்புத் தோய்த்ததை அந்தக் காலத்தவர் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். வீட்டில் அது சிரிப்பு. ஆஸ்பத்திரியில் அப்படியல்ல. யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரி 1987 ஒக்ரோபரில் தன் வைத்தியர்களையும் தாதியரையும் நோயாளிகளையும் சூட்டுக்குப் பலிகொடுத்த இடம். 1990 இறுதியிலிருந்து செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் கொடியின் கீழ் பாதுகாப்பு வலயமாக இயங்கியது. மருந்தும் ஸ்பிரிற்றும் பஞ்சும் கணக்குப் பார்த்துச் செலவழிந்த அந்த வருடங்களில், காயக்காரர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தபோது, ஐந்து தருணங்கள் என்று யாராவது போய்ச் சொல்லியிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று யோசிக்கிறேன். ஆனாலும் காயம் சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொண்ட தாதியர் அங்கே இருந்தார்கள். அவர்களின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. எழுத வேண்டியவர்கள் பலர் இன்று புலம்பெயர்ந்த நாடுகளில் இருக்கிறார்கள்.

இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் தொற்றுக் கட்டுப்பாட்டுக்கென்றே தாதிய உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். விடுதிக்குள் நுழைந்தால் சுவரில் ஐந்து தருணங்களின் படம் தொங்குகிறது. ஆனால் ஜெனீவாவின் விடுதிக்கும் நம் விடுதிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம் நோயாளியை அதிகம் தொடுவது டொக்டரும் அல்ல, நேர்சும் அல்ல. சாப்பாட்டுப் பையோடு நேரத்துக்கு வந்து நிற்கும் அம்மா, துணைக்கு நிற்கும் மகள், பார்க்கும் நேரத்தில் கட்டில் விளிம்பில் அமர்ந்து காலைப் பிடித்துவிடும் சித்தப்பா. அவர்கள் பக்கத்துக் கட்டில் ஐயாவுக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார்கள். தலையணையைச் சரிசெய்து விடுவார்கள். அந்த அன்பை ஆஸ்பத்திரி தடுக்கவும் முடியாது, தடுக்கவும் கூடாது. தாதியர் பற்றாக்குறை உள்ள விடுதிகள் அந்தக் கைகளை நம்பித்தான் ஓடுகின்றன. ஆனால் அந்தக் கைகளுக்கு ஐந்து தருணம் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. உலக இயக்கத்தின் சுவரொட்டியில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் தனியாக நிற்கிறார். நம் படத்தில் கட்டிலைச் சுற்றி நாலு பேர் நிற்கவேண்டும். போத்தல் அவர்களுக்கும் எட்டும் இடத்தில் இருக்கவேண்டும்.

இன்னொன்று, டொக்டர்மாரின் 30. விசேட வைத்திய நிபுணர் விடுதியைச் சுற்றிவரும்போது பின்னால் ஒரு கூட்டம் வருகிறது. அவர் ஒரு நோயாளியின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு அப்படியே அடுத்த கட்டிலுக்குப் போனால், ஐயா, கை என்று சொல்லக்கூடிய நேர்ஸ் யார்? மருத்துவ மாணவன் யார்? நம் ஊரில் டொக்டர் என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரியும். செமல்வைஸ் வியன்னாவில் மோதியது இந்த மதிலோடுதான். ஜெனீவாவில் சித்திரம் வரைந்தும் போத்தல் வைத்தும் முழுதாகத் தாண்ட முடியாததும் இதுவே. பெரியவர் முதலில் கை தேய்த்தால் பின்னால் வருபவர்கள் தாங்களாகவே தேய்க்கிறார்கள் என்பதைத் தொற்றுக் கட்டுப்பாட்டில் வேலை செய்த எவரும் சொல்வார்.

2020 மே 5 வந்தபோது அரியாலை விவகாரத்துக்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த ஆண்டு இயக்கத்தின் கருப்பொருள் தாதியரும் மருத்துவிச்சிகளும்; அந்த ஆண்டையே அவர்களுக்கென உலக சுகாதார நிறுவனம் முன்பே அறிவித்திருந்தது. முகக்கவசம், கவச உடை பற்றிய கவலை தலைக்கு மேல் இருந்த நேரம். அந்த நாள் வந்ததும் போனதும் பலருக்குத் தெரியாது. இரண்டு ஆண்டு கழித்து, 2022இல், அதே நிறுவனம் ஒரு கணக்கு வெளியிட்டது. பணக்கார நாடுகளில் ஆஸ்பத்திரியில் சேரும் நூறு பேரில் ஏழு பேர் அங்கேயே ஒரு தொற்றாவது வாங்குகிறார்கள். நம்மைப் போன்ற நாடுகளில் பதினைந்து பேர். அப்படித் தொற்றியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இறக்கிறார். அதே ஆண்டு யுனிசெப்போடு சேர்ந்து வெளியிட்ட இன்னொரு கணக்கின்படி, உலகத்தின் சுகாதார நிலையங்களில் ஏறக்குறைய பாதியில், சிகிச்சை நடக்கும் இடத்தில் தண்ணீரும் சவர்க்காரமும் அல்லது மதுசாரக் கரைசலும், கழிவறையில் தண்ணீரும் சவர்க்காரமும் என்ற அடிப்படை வசதி முழுதாக இல்லை.

இனி, தொடக்கத்தில் ஒத்திவைத்த ஆஸ்பத்திரி. குடாநாட்டில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென்று அந்த மிஷன் ஆஸ்பத்திரி வந்தபோது, லிஸ்ரரின் முறை உலகம் முழுவதும் ஊன்றிவிட்டிருந்தது. கிறீனின் மாணவர்களுக்குக் கிடைக்காத அந்தப் பாடம் அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்பதிலிருந்து அடுத்த இதழைத் தொடங்குகிறேன்: இணுவில், 1898.